வேரடியில் இரக்கம்

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு மறையுரை
நற்செய்தி: லூக்கா 13: 1–9



வட்டைகளில் அறுவடை முடிந்து நெல்லும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இனிக் கிணற்றடித் தோட்டங்களின் காலம். பனிச்சங்கேணியிலிருந்து கதிரவெளி வரைக்கும் நம்முடைய இந்த வாகரை மணல் தரையில் கத்தரியும் மிளகாயும் வெண்டியும் கௌபியும் கச்சானும் நிற்கின்றன. விடியமுன் எழும்பித் தண்ணீர் இறைக்கிற உங்களுக்கு நான் தோட்டம் செய்யச் சொல்லித்தரத் தேவையில்லை. நீங்கள் உங்கள் கண்ணால் கண்ட ஒன்றைத்தான் இன்றைக்கு உங்களோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

நல்ல கத்தரிச் செடி. பூவும் வைத்திருக்கிறது. ஆனால் மத்தியானம் வெயில் ஏறினால் இலை தொங்கிவிடுகிறது. தண்ணீர் காணாதாக்கும் என்று இரண்டு வாளி கூடுதலாக ஊற்றுகிறீர்கள். பின்னேரம் நிமிர்கிறது. அடுத்த நாள் மத்தியானம் திரும்பவும் வாடுகிறது. நாள் போகப்போக இலை மஞ்சளாகிறது, காய் சிறுக்கிறது. பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாற்றுச் சரியில்லை என்பார் ஒருவர். பசளை கூடிவிட்டது என்பார் இன்னொருவர். கண்ணூறு பட்டுவிட்டது என்று சொல்லவும் ஆள் இருக்கும். எல்லாரும் இலையைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

மண்வெட்டியை ஆழ இறக்கி, வேர் அறாமல் அந்தச் செடியைக் கிளப்பி, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். மணல் கரைந்து போனதும் வேர் தெரியும். மெல்லியதாய் நேராய் ஓடவேண்டிய வேர் இடைக்கிடை வீங்கி, முடிச்சு முடிச்சாய்த் திரண்டிருக்கும். சில இடங்களில் இரண்டு மூன்று முடிச்சுகள் ஒன்றோடொன்று கூடி விரல் மொத்தத்துக்கு வந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சுகிற சல்லிவேர்கள் குறைந்துபோயிருக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீர் மண்ணில் இருந்தது. அதை எடுத்து மேலே அனுப்ப வேரால் முடியவில்லை.

அந்த முடிச்சுக்குள் இருப்பது வேர்முடிச்சு நூற்புழு. நெமற்றோடு என்றும் வட்டப்புழு என்றும் சொல்வார்கள். முட்டையிலிருந்து வெளிவந்து மண்ணில் திரியும்போது அதன் நீளம் அரை மில்லிமீற்றர் அளவுதான். நிறமும் இல்லாததால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டி, பாகல் என்று நாம் நடுகிற மரக்கறிகளில் அநேகமானவை அதற்கு உணவு.

பயிரைத் தின்னும் இந்தப் புழுக் கூட்டத்தை முதன்முதலில் கண்டு எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1743 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் நீடம் அடிகள், கருத்துச் சுருங்கிப்போன கோதுமை மணிகளைப் பிளந்து, தண்ணீர் விட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். உலர்ந்த நார்போலக் கிடந்தவை உயிர்பெற்று நெளியத் தொடங்கின. நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், 1855 இல், வெள்ளரி வேரில் இந்த முடிச்சுகளைக் கண்டு பதிவுசெய்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லியும் ஓர் அங்கிலிக்கன் குருவானவர். கெட்டுப்போன பயிர் என்று தூக்கி எறியாமல், குனிந்து உள்ளே பார்த்த அந்த இருவருக்காகவும் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். வெளியே தெரிகிற வாட்டத்தை வைத்துத் தீர்ப்பிடாமல் உள்ளே என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பதும் ஒரு மேய்ப்புப் பணிதான்.

பிரியமானவர்களே, இன்றைய நற்செய்தியில் சிலர் ஆண்டவரிடம் ஒரு கொடிய செய்தியைக் கொண்டுவருகிறார்கள். பலி செலுத்தப் போன கலிலேயர்களைப் பிலாத்து கொன்றுவிட்டான். கொண்டுவந்தவர்கள் கேள்வி எதுவும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆனால் அவர்கள் மனத்தில் இருந்த கேள்வி ஆண்டவருக்குக் கேட்டுவிட்டது. இப்படிச் சாகிறதென்றால் அவர்கள் பெரிய பாவிகளாக இருந்திருக்க வேண்டுமோ? ஆண்டவர் தாமாகவே இன்னொரு துயரத்தையும் எடுத்துச் சொல்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ?

இந்தக் கேள்வி வாகரைக்குப் புதிதல்ல. 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் நம் வீடுகளுக்குள் வந்தது. 2006 கார்த்திகை 8 ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் அடைக்கலம் தேடியிருந்த மக்கள்மேல் எறிகணைகள் விழுந்தன. அதற்குப் பிறகு, பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஊரைவிட்டே நடந்தீர்கள். ஒரு நாள் அழிவு கடலிலிருந்து அலையாக வந்தது. இன்னொரு நாள் வானத்திலிருந்து வந்தது. திரும்பி வந்து கூரை போட்டு, கிணறு இறைத்து, மறுபடியும் நட்டீர்கள். ஆனாலும் இரவில் தனியாக விழித்திருக்கிற சில தாய்மார் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

ஆண்டவருடைய பதிலை அவர்கள் இன்று தங்கள் காதால் கேட்கவேண்டும். இல்லை என்கிறார் அவர். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர். இழந்தவர்கள் சபிக்கப்பட்டவர்கள் அல்லர். புழு வந்து வேரில் நுழைந்தது செடியின் குற்றம் அல்ல. இத்தனை வருடமாக யாராவது உங்களுக்கு வேறுவிதமாகச் சொல்லியிருந்தால், உங்கள் மனமே உங்களுக்கு வேறுவிதமாகச் சொல்லியிருந்தால், இந்தத் திருப்பலியில் அந்தச் சுமையைப் பீடத்தடியில் வைத்துவிட்டுப் போங்கள்.

அதே இடத்தில் ஆண்டவர் மனந்திரும்பவும் சொல்கிறார். மனந்திரும்பாவிட்டால் அழிவு வரும் என்கிறார். முதலில் ஆறுதல் சொல்லிவிட்டு உடனே எச்சரிக்கிறாரே என்று தோன்றலாம். அடுத்து அவர் சொல்லும் உவமையில் இது தெளிவாகிறது. ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம். மூன்று ஆண்டாக வந்து பார்க்கிறார், ஒரு கனியும் இல்லை. வெட்டிவிடு, எதற்காக நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும் என்கிறார். தோட்டக்காரர் அதற்காக மன்றாடுகிறார். இந்த ஆண்டும் விட்டுவையுங்கள், நான் அதைச் சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார். அந்த மனிதர் கிளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இலையைப் பற்றியும் பேசவில்லை. அவர் செய்வதாகச் சொன்ன வேலையெல்லாம் வேரடியில்தான்.

வேரடியில் என்ன நடக்கிறது என்று நாமும் சற்று உற்றுப் பார்ப்போம். புழுவின் வாயில் ஒரு நுண்ணிய ஊசி உண்டு. அது வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் நுழைந்து, கலங்களுக்கு இடையே ஊர்ந்து, தண்ணீரும் உணவும் ஓடுகிற நடுப்பகுதிக்குப் போய் நிற்கிறது. அங்கே ஒருசில கலங்களைத் தெரிந்தெடுத்து, ஊசியால் குத்தித் தன் சுரப்பை உள்ளே செலுத்துகிறது. கலங்களை அது கொல்வதில்லை. அவற்றின் வேலையை மாற்றிவிடுகிறது. அந்தக் கலங்கள் கருக்கள் பெருகி, பல மடங்கு பெருத்து, புழுவுக்கு ஊட்டுகிற கலங்களாகிவிடுகின்றன. சுற்றியிருக்கும் இழையமும் வீங்கி முடிச்சாகிறது. அதன்பின் பெண்புழு அசைவதில்லை. இருந்த இடத்திலேயே உண்டு பெருத்து நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. நம்முடைய சூட்டு மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். இலைகள் வெயிலில் நின்று உண்டாக்கிய உணவு காய்க்குப் போகாமல் அங்கே இறங்குகிறது. செடியே தன் எதிரிக்கு வீடு கட்டிச் சோறும் போடுகிறது.

சகோதரரே, சகோதரிகளே, நம் உள்ளத்தில் நாம் எதற்கு இப்படிச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம்?

காயம் நம் குற்றமில்லாமல் வந்திருக்கலாம். எல்லைவேலியில் அநியாயம் செய்தது அண்ணனாக இருக்கலாம். நம்பிக் கொடுத்த காசைத் திருப்பித் தராதது அயலவராக இருக்கலாம். ஆனால் அந்த நாளை ஒவ்வொரு இரவும் எடுத்து எடுத்துப் பார்த்து, சொல்லவேண்டிய பதில்களை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி, அதற்கு நம் நித்திரையையும் செபத்தையும் பிள்ளைகளோடு சிரிக்கிற நேரத்தையும் கொடுத்து வளர்த்தது யார்? நுண்கடன் தவணைக்குப் பயந்து, கணவருக்குத் தெரியாமல் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த சகோதரி, அந்த வெட்கத்துக்குத் தன் உயிரையே ஊட்டிக்கொண்டிருக்கிறாள். இழப்பை மறக்கக் கசிப்பைத் தொட்ட சகோதரர், இன்று பிள்ளையின் பாடசாலைக் காசையும் அதற்குக் கொடுக்கிறார். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். இவர்களுடைய நல்ல சாரமெல்லாம் தவறான இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மனந்திரும்புங்கள் என்று ஆண்டவர் சொல்வது இவர்களை அடிப்பதற்காக அல்ல. அந்தச் சாரம் மறுபடியும் கனிக்குப் போகவேண்டும் என்பதற்காக.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். கச்சான் பிடுங்குகிறவர்களும் கௌபி பிடுங்குகிறவர்களும் வேரில் சின்னச் சின்ன முண்டுகளைக் கண்டிருப்பீர்கள். அவை நோய் அல்ல. காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிற நல்ல பற்றீரியாக்கள் குடியிருக்கும் இடம் அது. அந்த முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும். விரலால் தேய்த்தால் கழன்று வரும். பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழுவின் முடிச்சு அப்படியல்ல. வேரே வீங்கியிருக்கும், கழற்ற முயன்றால் வேர்தான் அறும். தெரியாதவர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து நல்ல செடியையும் பிடுங்கி எறிந்துவிடுவார். நம் உள்ளத்திலும் எல்லா முடிச்சும் பாவம் அல்ல. இறந்த பிள்ளையை நினைத்து ஒரு தாய் அழுவது அன்பு. ஆண்டவரும் லாசருவின் கல்லறையில் அழுதார். அநியாயத்தைக் கண்டு நெஞ்சு கொதிப்பது நீதியின் பசி. இது என்னை அன்பில் வளர்க்கிறதா, என் அன்பை உறிஞ்சுகிறதா என்று கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் ஒரு குருவானவரிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். தேர்ந்து தெளிவதும் தூய ஆவியின் கொடைதான்.

இனிச் செடி தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்பதைப் பார்ப்போம். படைத்தவர் வேரை நிராயுதபாணியாக விடவில்லை.

முதலாவது, வேர் விழித்திருக்கிறது. நூற்புழுக்கள் தங்களுக்குள் செய்தி சொல்ல ஒருவகைப் பொருளை வெளியிடுகின்றன. அமெரிக்காவின் பொய்ஸ் தொம்சன் ஆய்வு நிறுவனத்தினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், செடிகள் அந்தப் பொருளை மிக மிகச் சிறிய அளவிலேயே உணர்ந்து தங்கள் பாதுகாப்பை முடுக்கிவிடுகின்றன என்று காட்டினார்கள். கலச்சுவர்கள் தடிக்கின்றன. இலிக்னின் ஏறி இறுகுகின்றன. புழுவுக்கு ஒவ்வாத பொருள்கள் சுரக்கின்றன. வாசலில் இருக்கும்போதே இனங்கண்டால் உள்ளே வந்தபின் படும் பாடு குறையும். கெத்சமனியில் ஆண்டவர் சீடர்களிடம் கேட்டதும் இந்த விழிப்பைத்தான். மனத்தில் ஒரு கசப்பு முளைத்த அன்றைக்கே அதை ஆண்டவரிடம் சொல்லிவிடுகிற வழக்கம் நமக்கு இருக்கிறதா? படுக்கப்போகுமுன் ஒரு நிமிடம், இன்று என் வாசலில் வந்து நின்றது என்ன என்று பார்க்கிறோமா? அந்த ஒரு நிமிடத்தை மறந்த நாள்களுக்காகக் கலங்கவேண்டாம். இஸ்ராயேலைக் காக்கிறவர் உறங்குகிறவர் அல்லர் என்பது நம் விசுவாசம்.

இரண்டாவது, வேர் பதில் அனுப்புகிறது. 2020 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைக் காட்டியது. புழு விட்ட அந்தப் பொருளைச் செடி தனக்குள் எடுத்து, அதன் வடிவத்தை மாற்றி, மண்ணுக்குள் திருப்பி விடுகிறது. மாறிப்போன அந்தச் செய்தியை உணர்கிற புழுக்கள் வேரைவிட்டு விலகுகின்றன. தன்னைத் தாக்க வந்ததிலிருந்து வந்த ஒன்றையே செடி தன் பாதுகாப்பாக மாற்றிவிடுகிறது. தீமையைத் தீமையால் வெல்லப் பார்க்காமல் நன்மையால் வெல்லுங்கள் என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் வந்த வசைச்சொல்லை வந்தபடியே திருப்பி அனுப்புகிறோமா, உள்ளே எடுத்து ஆண்டவரின் இரக்கத்தில் மாற்றி அனுப்புகிறோமா? கடினந்தான். சிலுவையில் தொங்கியபடி தம்மைக் கொன்றவர்களுக்காக மன்றாடியவர் நமக்குள் இருக்கிறார் என்பதால்தான் நான் இதைக் கேட்கத் துணிகிறேன்.

மூன்றாவது, வேர் விட்டுக்கொடுக்கிறது. பெருவில் காட்டுத் தக்காளி ஒன்று உண்டு. 1944 இல் போல் ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதைத் தோட்டத் தக்காளியோடு சேர்த்துப் பார்த்தார். அப்படிச் சேர்த்த விதை முதிர்ந்து முளைப்பதில்லை. அவர் சாகவிருந்த கருவைக் காய்க்குள்ளிருந்து எடுத்து, ஊட்டம் கொடுத்து, செடியாக்கினார். நூற்புழுவைத் தாங்குகிற தக்காளி வகைகளுக்கு அந்த ஒரு கருவே மூதாதை. அந்தத் தக்காளியின் வேரில் புழு நுழைந்து ஊசியைக் குத்துகிற இடத்தில், அந்தக் கலங்கள் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் தாமாகவே இறந்துவிடுகின்றன. ஊட்டுகிற கலம் இல்லாமல் புழு பட்டினி கிடந்து அழிகிறது, அல்லது விலகுகிறது. ஒருசில கலங்கள் தங்களைக் கொடுத்ததால் முழுச்செடியும் காய்க்கிறது. இந்தத் தவக்காலத்தில் நான் எதைச் சாகவிடவேண்டும்? என் பக்கமே சரி என்று நிரூபிக்கும் ஆசையையா? முதலில் அவர் வந்து பேசட்டும் என்ற வீம்பையா? மண்ணில் விழுந்து மடிகிற கோதுமை மணியைப் பற்றிச் சொன்ன ஆண்டவர் அந்த வழியால் தாமே முதலில் நடந்தார். நாம் விட்டுக்கொடுக்கும் சிறிய இடத்தில் அவர் நமக்கு முன்பே இருக்கிறார்.

ஆனால், பிரியமானவர்களே, இந்தப் பலமான தக்காளிக்கும் ஓர் எல்லை உண்டு. மண்ணின் வெப்பநிலை 28 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடுகிறது. குளிர்ந்த மண்ணில் புழுவைத் தடுத்த அதே வேர், சூடேறிய மண்ணில் புழுவுக்கு இடங்கொடுக்கிறது. பங்குனி சித்திரையில் நம் மணலில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்.

இதைப் படித்தபோது நான் உங்களில் பலரை நினைத்துக்கொண்டேன். நல்லாய்ச் செபித்தவர்கள். ஞாயிறு தவறாதவர்கள். ஆனால் சோதனை ஓர் அளவைத் தாண்டியபோது, பிள்ளை காணாமல் போனபோது, கடன்காரர் வாசலில் வந்து கத்தியபோது, மத்திய கிழக்குக்குப் போன மனைவியிடமிருந்து பல மாதமாய்த் தகவல் இல்லாதபோது, உடைந்துபோனார்கள். அதன்பிறகு ஆலயத்துக்கு வர வெட்கப்பட்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள். பேதுருவும் தான் ஒருபோதும் மறுதலிக்கமாட்டேன் என்றுதான் சொன்னார். அன்று இரவு சேவல் கூவுமுன் மூன்றுமுறை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. என்னை அன்பு செய்கிறாயா என்றுதான் கேட்டார். உங்கள் பலம் எந்த அளவில் தீர்ந்தது என்று ஆண்டவருக்குத் தெரியும். அதற்கு மேல் நீங்கள் தாங்கவில்லை என்பதற்காக அவர் உங்களை வெட்டி எறியமாட்டார்.

அப்படியானால் நம் பலம் தீரும் இடத்தில் நமக்கு என்ன வழி? தோட்டக்காரர்கள் கண்ட ஒரு வழியைச் சொல்கிறேன். வேலியோரத்தில் முள்ளோடு தானாக வளர்கிற சுண்டங்காய்ச் செடி உங்களுக்குத் தெரியும். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. அதன் வேர் நூற்புழுவுக்கு எளிதில் இடங்கொடுக்காத வேர். அதனால் சுண்டங்காய் நாற்றைச் சரிவாக வெட்டி, அதன்மேல் கத்தரியின் தளிரை வைத்து ஒட்டுகிறார்கள். ஜப்பானில் இது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் இந்த ஒட்டுக் கத்தரி நிற்கிறது. மேலே காய்ப்பது கத்தரிதான். கீழே மண்ணோடு போராடுவது சுண்டங்காய் வேர். கத்தரி தன் பலத்தில் நிற்கவில்லை. இன்னொன்றின் வேரில் நிற்கிறது.

வறண்ட நிலத்தில் முளைத்த வேர், பார்க்க அழகில்லாதவர், மனிதரால் இகழப்பட்டவர் என்று எசாயா இறைவாக்கினர் துன்புறும் ஊழியரை வருணிக்கிறார். அவரில்தான் நாம் ஒட்டப்பட்டிருக்கிறோம். ஒட்டுவதற்கு வெட்டு வேண்டும். வேராக இருப்பவரும் வெட்டப்பட்டார். அவருடைய விலாவின் காயத்தோடு நம் காயம் சேர்கிறது. கிளை வேரைச் சுமப்பதாக எண்ணிப் பெருமைகொள்ள வேண்டாம் என்று பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். நம் திருமுழுக்கு நாளிலிருந்து வேர்தான் நம்மைச் சுமந்துகொண்டிருக்கிறது. கடல் வந்த நாளிலும், ஊரைவிட்டு நடந்த நாளிலும், நீங்கள் செபிக்க வார்த்தையில்லாமல் இருந்த நாளிலும் அவர் கீழே நின்று உங்களைத் தாங்கினார். இன்னும் நீங்கள் இங்கே இருக்கிறீர்களே, அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியாது.

இனி அந்தத் தோட்டக்காரரின் வேலைக்கு வருவோம். கொத்துகிறேன், எருப் போடுகிறேன் என்றார். இன்றைக்கும் நூற்புழுவுக்கு நல்ல மருந்து இதுதான். வெயில் காலத்தில் நிலத்தைக் கொத்திப் புரட்டினால், ஆழத்தில் கிடந்த முட்டையும் புழுவும் மேலே வந்து வெயிலில் காய்ந்து சாகும். கொத்துவது மண்ணுக்கு நோகிற வேலைதான். ஒளிந்திருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற வேலை அது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்வதும் அதுவே. சொல்லாமல் ஆழத்தில் வைத்திருந்ததைக் குருவானவர் முன்னால் வாய்திறந்து சொல்லும்போது, அது இறைவனின் இரக்கத்தின் வெயிலில் காய்ந்துபோகிறது. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை வருடம் என்று நான் கேட்கமாட்டேன். வாருங்கள், அவ்வளவுதான்.

எருவும் வேண்டும். மாட்டெருவும் வேப்பம்புண்ணாக்கும் போட்ட மண்ணில் நல்ல பங்கசுக்களும் பற்றீரியாக்களும் பெருகுகின்றன. அவற்றில் சில பங்கசுக்கள் மண்ணுக்குள் கண்ணிவைத்து நூற்புழுவைப் பிடித்து உண்கின்றன. விதைப் பைக்கற்றில் மேரிகோல்ட் என்று எழுதியிருக்கும் செவ்வந்தியை ஒரு போகம் நெருக்கமாக நட்டால், அதன் வேரிலுள்ள பொருள் புழுவைக் கொல்கிறது. அந்த மண்ணில் அடுத்து வருகிற கத்தரி பிழைக்கிறது. ஆக, ஒரு வேர் தனியே தன்னைக் காப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள உயிர்களும் சேர்ந்துதான் காக்கின்றன. நம் பங்கும் அப்படி இருக்கவேண்டும். குடித்துக் கெட்டவர் என்று நாம் ஒதுக்கிய வீட்டுக்கு அன்பியத்தோடு போய்ச் செபமாலை சொல்லியிருக்கிறோமா? கடனில் தவிக்கிற சகோதரியைப் பற்றிக் கிணற்றடியில் பேசினோமா, அவளோடு பேசினோமா? வாடிய செடியைப் பார்த்து ஆளுக்கொரு காரணம் சொல்வது எளிது. அதன் வேரடிக்கு ஒரு கூடை எருச் சுமப்பவரே அயலவர். நல்ல சமாரியர் காயத்தின் காரணத்தை ஆராயவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார்.

தோட்டத்துக்கும் இரண்டு சொல் சொல்லிவிடுகிறேன், அதுவும் அயலவர்மேல் அன்புதான். நாற்றைப் பிறருக்குக் கொடுக்குமுன் ஒன்றிரண்டைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சிருந்தால் கொடுக்காதீர்கள், நடவும் வேண்டாம். நோய்கண்ட பாத்தியில் வேலைசெய்த மண்வெட்டியை அடுத்தவர் தோட்டத்துக்குக் கொண்டுபோகுமுன் கழுவுங்கள். மிச்ச வேரை மண்ணோடு விடாமல் பிடுங்கிக் காயவைத்து எரியுங்கள். மாற்றிப் பயிரிட எது நல்லது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

அன்பானவர்களே, அத்திமரம் அடுத்த ஆண்டு காய்த்ததா என்று ஆண்டவர் சொல்லவில்லை. உவமை அங்கே நிற்கிறது. அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை. நாம் அதற்குள்தான் வாழ்கிறோம். தோட்டக்காரர் நமக்காகப் பேசிவிட்டார், மண்வெட்டியோடு வேரடியில் குனிந்தும் விட்டார். அவர் கொத்தும்போது நோகும், அதற்காக அவரை விலக்கிவிடாதீர்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்குமுன் ஒருவரோடு ஒப்புரவாகுங்கள். ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். வாடிப்போன ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள். இந்த ஆண்டு நமக்குத் தரப்பட்டது இரக்கத்தால், அதை வீணாக்காதிருப்போம். ஆமென்.